அந்த அச்சைத் தொடாதீர்கள்

அன்புள்ள அக்கா,

வட கரோலினாவில் இருக்கிறேன். உங்கள் கட்டுரை ஒன்றில் பிள்ளைகளுக்கு 'ஒடிஸி ஆஃப் தி மைண்ட்' என்கிற படைப்பாற்றல் போட்டியில் கோச்சாக இருந்ததை ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இந்த வருடம் என் மகனின் அணிக்கு நான்தான் கோச். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். போட்டியில் கொடுத்த பிரச்சினைகளில், வண்டி செய்து ஓட்டிக் காட்டும் வாகனப் பிரச்சினையை எடுத்திருக்கிறார்கள். சக்கரத்தின் அச்சில் கயிற்றைச் சுற்றி, அதை இழுத்து வண்டியை ஓட்டுவது அவர்கள் யோசனை. ஆனால் அச்சு ரொம்ப ஒல்லி. ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்தால் ஐந்து தடவைக்கு மூன்று தடவை பாதியிலேயே நின்றுவிடுகிறது. நான் மெக்கானிக்கல் என்ஜினியர், பதினான்கு வருட அனுபவம். என்ன செய்தால் ஓடும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பிள்ளையின் அப்பா, "ராத்திரி நாமே மாற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறார். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பிள்ளைகள் மேடையில் தோற்று அழுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? இதெல்லாம் பின்னால் கல்லூரி அட்மிஷனுக்காவது உதவுமா?

ம.

அன்புள்ள ம.,

அந்த அச்சைத் தொடாதீர்கள். ஆனால் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1978-இல் நியூ ஜெர்ஸியில், கிளாஸ்பரோ மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் சாம் மிக்லஸ் தொடங்கிவைத்தது. அந்தக் கல்லூரி இன்று ரோவன் பல்கலைக்கழகம். ஓர் அணியில் ஏழு பிள்ளைகள் வரை இருக்கலாம். வருடத்துக்கு ஐந்து பிரச்சினைகள் வரும், ஒன்றை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்து, எட்டு நிமிட மேடையில் தீர்வைக் காட்ட வேண்டும். அதற்கு 200 மதிப்பெண், அதை மெருகேற்றிக் காட்டும் விதத்துக்கு, அதாவது ஸ்டைலுக்கு, 50. அந்த இடத்திலேயே கொடுக்கப்படும் ஸ்பான்டேனியஸ் கேள்விக்கு 100. செலவுக்கும் வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: யோசனையும் வேலையும் முழுக்கப் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். வெளியார் கை பட்டால் மதிப்பெண் குறையும். அம்மா தைத்துக் கொடுத்த உடைகூட வெளியார் உதவிதான்.

மிக்லஸ் தன் வகுப்பில் சக்கரமில்லாத வண்டி செய், தண்ணீரைக் கடக்க ஒரு மிதவை செய் என்றெல்லாம் மாணவர்களுக்கு வேலை கொடுப்பார். ஓடியதா, மிதந்ததா என்பதைவிட எவ்வளவு துணிந்து யோசித்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுவாராம். அப்படிச் செய்த ஒரு மிதவை நீர்ப்பூச்சி போல இருந்தது. அந்தப் பூச்சியின் பெயரில்தான் இன்றும் 'ரனாட்ரா ஃபஸ்கா' விருது கொடுக்கிறார்கள். முதலிடம் வராத அணிக்கும் அது கிடைக்கும். பாதியில் நிற்கிற வண்டி இந்தப் போட்டிக்கு அந்நியமே இல்லை.

இனி என் கதை. இதை இதுவரை எழுதியதில்லை.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் அணி கட்டமைப்புப் பிரச்சினையை எடுத்தது. பால்சா மரக்குச்சிகளையும் பசையையும் மட்டும் வைத்து எட்டங்குலத்துக்குக் குறையாமல் ஒரு கோபுரம் கட்ட வேண்டும். எடை வரம்பு ஒரு வருடம் 15 கிராம், ஒரு வருடம் 18 கிராம் என்று இருக்கும். ஒரு கைப்பிடி அரிசிகூட அதைவிடக் கனமாக இருக்கும். அதன் தலையில் இரும்புத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். நன்றாகக் கட்டியது நூற்றுக்கணக்கான பவுண்டுகளைத் தாங்கும்.

எங்கள் பேஸ்மென்டில் பிள்ளைகள் ஒவ்வொரு குச்சியையும் கிராம் தராசில் நிறுத்து, கனமானதைக் கால்களுக்கும் லேசானதைக் குறுக்குச் சட்டத்துக்கும் பிரித்து வைத்தார்கள். அதை அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் கோபுரத்தின் ஒரு முகத்தில் மூலைவிட்டக் குச்சி இல்லை. அந்தப் பக்கம் ஒரு கால் லேசாக வளைந்து நின்றது. தினமும் அது என் கண்ணில் பட்டது. ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் மேலே பீட்சா சாப்பிடப் போயிருந்தபோது, பசை காய்வதற்குள் அந்தக் காலை விரலால் நிமிர்த்தி வைத்துவிட்டேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

திரும்பி வந்ததும் ஒரு பையன் குனிந்து பார்த்தான். "ஆன்ட்டி, இதை யார் தொட்டது?" என்றான். நான்தான் என்றேன். யாரும் கோபப்படவில்லை. ஆறு பேரும் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பேசினார்கள். "இது இனிமேல் எங்களுடையது இல்லை. போட்டிக்குக் கொண்டுபோக மாட்டோம்" என்றாள் என் மகள். இரண்டு வாரத்து உழைப்பு. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம், எப்படியும் வீணாகிவிட்டதே என்று அதன்மேல் எடையை ஏற்றி உடைத்துப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் ஒன்றையும் உடைத்துப் பார்த்ததில்லை. கட்டியதை உடைக்க மனசு வரவில்லை. மூலைவிட்டம் இல்லாத முகம்தான் முதலில் மடங்கியது. ஒருத்தி அதை மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்திருந்தாள். அதைப் பத்து முறை போட்டுப் பார்த்தார்கள். நான் சொல்லாமல் விட்டது அவர்கள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த கோபுரத்துக்கு நான்கு முகத்திலும் மூலைவிட்டம் வைத்தார்கள். அது 210 பவுண்டு தாங்கியது. நான்காவது இடம். நான் நிமிர்த்திய கால் மட்டும் போட்டிக்குப் போயிருந்தால், கோபுரத்தை எங்கே பலப்படுத்த வேண்டும் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அதனால்தான் அந்த நண்பரின் ராத்திரி வேலைக்கு வேண்டாம் என்கிறேன். யாருக்குத் தெரியும் என்கிறார். பிள்ளைகளுக்குத் தெரியும். தாங்கள் ஒட்டிய டேப் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கும். வெளியார் உதவி இல்லை என்று படிவம் கொடுக்கிறீர்களே, ராத்திரி அச்சை மாற்றிவிட்டால் அந்தத் தாளில் பிள்ளைகளையும் பொய் சொல்ல வைத்ததாகிவிடும்.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. நாம் வளர்ந்தது அப்படி. பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மோகோல் வீட்டை அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டுவார், நாம் காலையில் தூக்கிக்கொண்டு போவோம். அது அன்புதான், சந்தேகமில்லை. அவருடைய அன்புக்கும் வேறு வேலை கொடுங்கள். ஒவ்வொரு அணியும் போட்டிக்கு ஒரு நடுவரைத் தர வேண்டுமே, அவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒரு நாள் நடுவராக உட்கார்ந்து பார்த்தால், மேடைக்குப் பிறகு பிள்ளைகளிடம் பேசும்போது எது யார் செய்தது என்று அவருக்கே விளங்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கேள்வி கேட்கலாம். ஆனால் கேள்விக்குள் பதிலை ஒளித்து வைக்காதீர்கள். "அச்சு கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறதோ?" என்பது கேள்வி இல்லை. "எங்கே நின்றது? போன தடவையும் அங்கேயேவா? நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் வந்தது?" இவை கேள்விகள். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதிதான் கஷ்டம். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பதினான்கு வருடமும் வீணில்லை. பொதுவான அறிவியலையும் கருவியைப் பிடிக்கும் விதத்தையும் கோச் சொல்லித்தரலாம். அவர்கள் வண்டிக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதை மட்டும் சொல்லக்கூடாது. கிணற்று ராட்டினத்தைப் பற்றிப் பேசுங்கள். சைக்கிளில் கியர் மாற்றினால் காலுக்கு என்ன தெரிகிறது என்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலிருந்து தங்கள் அச்சுக்கு வந்து சேர்வார்களா என்பது அவர்கள் பாடு. வராமலும் போகலாம். அப்போது வண்டி நிற்கும். நின்றால் என்ன செய்வது என்று அவர்களே ஒரு வழி வைத்திருக்கட்டும், அதையும் கேள்வியாகக் கேட்கலாம்.

ஸ்பான்டேனியஸ் பயிற்சியைக் கைவிடாதீர்கள். கடைசி வாரங்களில் எல்லோரும் வண்டியையே கட்டிக்கொண்டு அழுவோம், இது போய்விடும். சந்திக்கும்போதெல்லாம் பதினைந்து நிமிடம் போதும். எல்லோரும் சொல்கிற பதிலுக்குக் குறைந்த மதிப்பெண், யாருக்கும் தோன்றாததற்குக் கூடுதல். நான் ஒருமுறை சமையலறையிலிருந்து இடியாப்பக் குழலை எடுத்து வந்து இது என்னவெல்லாம் என்று கேட்டேன். ஷவர், மைக், ராக்கெட் என்று போனது. மூன்று மாதமாக வாயே திறக்காத ஒரு குழந்தை அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மேகத்தோட அடிப்பக்கம்" என்றாள். அறையே அமைதியாகிவிட்டது. அதன்பிறகு அவளை மற்றவர்கள் கேட்காமல் எதையும் முடிவு செய்யவில்லை.

கல்லூரி அட்மிஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

மேடையில் அழுவார்களே என்கிறீர்கள். அழலாம். நீங்கள் பக்கத்தில்தான் இருப்பீர்கள். ஆனால் ஒரு அறைக்குள் நீங்கள் போகவே முடியாது. ஸ்பான்டேனியஸ் அறைக்குள் பிள்ளைகள் மட்டும்தான். எங்கள் அணி உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். திரும்பும் வழியில் காரில், "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே?" என்றேன். மே மாதம் உலக இறுதிப்போட்டி முடியும்வரை அந்தக் கேள்வியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி.

"சொல்லக்கூடாதும்மா" என்றாள் என் மகள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள்.