கயிற்றை இழுத்தே களைத்துப் போகிறவர்களுக்கு: செயின் சா கேள்வி - பதில்

காங்கயம் பகுதியிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) காற்றுக்குச் சாயும் வெள்வேல மரங்களை அறுக்கச் செயின் சா ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் அதை ஸ்டார்ட் செய்வதற்குள் வலது தோள்பட்டை இற்றுப் போகிறது. புதிய மிஷின் வாங்குவதுதான் வழியா?

புதிய மிஷின் யோசனையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பழுதில்லாத செயின் சா, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தாலும், சில இழுப்புகளில் ஓடத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் இழுக்க வேண்டியிருந்தால் குறை மிஷினின் நிலையிலோ இழுக்கும் முறையிலோதான் இருக்கும்.

முதலில் முறையைப் பார்ப்போம். மிஷினைச் சமதளத்தில் வைத்து, செயின் பிரேக்கை (முன்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பை) முன்னே தள்ளிப் பூட்டுங்கள். இடது கையால் முன்பிடியை நிலத்தோடு அழுத்தி, பின்பிடிக்குள் வலது பாதத்தின் முன்பகுதியை நுழைத்து மிதித்துக் கொண்டால், மிஷினைத் தாங்கும் வேலை உடலின் எடைக்குப் போய்விடும். வலது கைக்குக் கயிறு மட்டுமே மிச்சம். கயிற்றை எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோளைக் கெடுப்பது அதுதான். உள்ளே பற்கள் கவ்வி, எதிர்ப்பு கையில் தட்டுப்படும் வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து சுருக்கமாகவும் விரைவாகவும் ஓர் இழுப்பு இழுங்கள். கயிறு முழுவதையும் உருவவும் வேண்டாம்; பிடியை விட்டெறியாமல் கையோடு உள்ளே அனுப்புங்கள். ஒரு கையில் மிஷினைத் தொங்கவிட்டு, கீழே உதறியபடி மறுகையால் கயிற்றை இழுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பார்க்க லாவகமாகத்தான் இருக்கும், ஆனால் செயின் தொடையில் பாயும் ஆபத்து அதில் இருப்பதால் அதை அறவே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சோக், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் மூடி. குளிர்ந்த மிஷினில் சோக்கை மூடி இழுக்கும்போது, 'புட்' என்று ஒரு முறை வெடித்து அடங்கும். பலர் அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் சோக்கை மூடியபடியே இழுத்துக் கொண்டிருப்பதால், பெட்ரோல் உள்ளே நிரம்பி ஸ்பார்க் பிளக் நனைந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் வீண்தான். அந்த ஒற்றை வெடிப்பு கேட்டவுடன் சோக்கை அரைநிலைக்குக் கொண்டு வந்து இழுங்கள். ஏற்கெனவே நனைந்துவிட்டிருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, பிளக் இல்லாமலே சில முறை கயிற்றை இழுத்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். பிளக் முனைகளுக்கு இடையே பெரும்பாலான மிஷின்களில் 0.5 மி.மீ. இடைவெளி வேண்டும்.

உங்கள் மிஷினில் டீகம்ப்ரஷன் பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய எஞ்சின்கள் பலவற்றில், சிலிண்டரின் மேலே சிறு பொத்தானாக அது இருக்கும். அழுத்தினால் சிலிண்டருக்குள் சேரும் அழுத்தத்தில் ஒரு பகுதி வெளியேறி, இழுப்பு கணிசமாக இலகுவாகும். எஞ்சின் வெடித்ததும் அது தானாக மூடிக்கொள்ளும் என்பதால், அடுத்த இழுப்புக்கு முன் மறுபடி அழுத்த வேண்டும். என்றாவது மாற்று மிஷின் வாங்கினால், ஸ்டார்ட்டரில் கூடுதல் சுருள்வில் பொருத்தியதாகக் கேளுங்கள். அதில் வேகமே தேவையில்லை. மெதுவாக இழுத்தாலே வில் முறுக்கேறி எஞ்சினைச் சுழற்றிவிடும்.

ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி ஏர் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடும். அதைச் சோப்புநீரில் கழுவலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுக் கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: வேர்வாடல் கண்ட தென்னைகளை அறுத்த பின் மிஷினை இரண்டு மாதம் அப்படியே வைத்துவிட்டேன். இப்போது கிளம்பவே மறுக்கிறது.

டேங்கில் கிடந்த பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாள்பட்டால் கலவை பிரிந்து, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போல் படியும். ஆகையால் ஒரு மாதத் தேவைக்கு மேல் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து வைக்காதீர்கள். மிஷினை ஓய்வுக்கு வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

கலவை அளவு 50:1 என்று கையேட்டில் இருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. மூடிக் கணக்கில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று கூட்டினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படிந்து ஸ்டார்ட் ஆவது கடினமாகும்.

கோபி வாசகர்: மிஷின் நன்றாக ஓடுகிறது. ஆனால் அறுக்கும்போது ஆளே சாய்ந்து அழுத்த வேண்டியிருக்கிறது.

செயின் மழுங்கிவிட்டது. கூரான செயின் மரத்துக்குள் தானாக இறங்கிச் சீவல் சீவலாகத் தள்ளும்; மழுங்கியது மாவுபோல் தூள்தான் உதிர்க்கும். தென்னையும் மண்ணும் செயினின் கூர்மையை விரைவில் தின்றுவிடும், ஆகவே தரையில் கிடக்கும் மரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிய பிறகே அறுங்கள். செயினின் அளவுக்கேற்ற உருண்டை அரத்தை வாங்கி, கையுறை அணிந்து, மிஷினை அணைத்து, பல்லின் மேல் குறித்திருக்கும் கோணத்தில் (பெரும்பாலும் 30 பாகை) உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தேயுங்கள். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்ப்பு இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் அறுப்பு கோணலாகப் போகும். பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டையும் அளவுத்தகடு வைத்துத் தட்டை அரத்தால் சரிபாருங்கள். அது உயர்ந்து நின்றால் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. அளவுக்கு மீறித் தாழ்த்தினாலோ மிஷின் உதறும்.

வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் குளிரும்போது சுருங்கி, அது சுற்றி ஓடும் பட்டையான 'பார்' என்பதையும் எஞ்சின் தண்டையும் இறுக்கும். செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுவது மலிவுதான், ஆனால் அதிலுள்ள உலோகத்தூள் ஆயில் பம்பைக் கெடுக்கும்.

அவிநாசி வாசகி: வீட்டு வேப்பமரத்தில் தாழ்ந்த கிளைகளைக் கழிக்க மட்டும் வேண்டும். என்னால் கயிறு இழுக்க இயலாது.

உங்களுக்கு பேட்டரி செயின் சா போதும், அம்மா. பட்டனை அழுத்தினால் ஓடும். கயிறு, சோக், கலவை எதுவும் கிடையாது. இதற்கும் செயின் ஆயிலும் அரம் பிடிப்பதும் உண்டு. செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஏணிமேல் நின்று மட்டும் அறுக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்து எட்டாத கிளையை ஆள் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.