ஸ்வீடன் பூட்டவில்லை, நாம் பூட்டினோம்: யார் செய்தது சரி?

கேள்வி: எனக்கு வயது 63, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மகள் ஸ்வீடனில், மகன் தென்கொரியாவில். கொரோனா காலத்தில் இரண்டு பேருமே "இங்கே ஊரடங்கு இல்லைம்மா" என்றார்கள். நாங்களோ வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். எந்த நாடு செய்தது சரி? திரும்பவும் அப்படி ஒரு நோய் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? - வாசகி, திருமங்கலம்

பதில்: பிள்ளைகள் இருவரும் சொன்னது ஒரே வார்த்தைதான் அம்மா, ஆனால் அந்த இரண்டு நாடுகளும் செய்தது வேறு வேறு.

தென்கொரியா 2015-லேயே சூடுபட்ட நாடு. வெளிநாடு போய் வந்த ஒருவரிடமிருந்து தொடங்கிய மெர்ஸ் காய்ச்சல், மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவி 186 பேரைத் தொற்றியது. 38 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். 2020-ல் காரில் உட்கார்ந்தபடியே பரிசோதனை, தொற்று வந்தவர் யாரையெல்லாம் பார்த்தார் என்று உடனே தேடல். நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்ததால் ஊரைப் பூட்டத் தேவையில்லாமல் போனது.

ஸ்வீடனில் சிறு பிள்ளைகளின் பள்ளிகள் திறந்தே இருந்தன. 2020-ல் முதியோர் இல்லங்களில் பலர் இறந்தார்கள். பக்கத்து நார்வே, பின்லாந்தைவிட இறப்பு பல மடங்கு. அது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். ஆனாலும் 2020 முதல் 2022 வரை சேர்த்துப் பார்த்தால், வழக்கத்தைவிடக் கூடுதலான இறப்பு ஐரோப்பாவிலேயே குறைவாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. காய்ச்சல் என்று வீட்டில் இருந்தவருக்கு முதல் நாளிலிருந்தே அங்கே பணம் கிடைத்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மதுரை மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர் காய்ச்சலோடு ஒரு வாரம் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அவரிடம் போய் "தனிமைப்படுத்திக்கொள்" என்று எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில்தான், 2020 மார்ச் 25 அன்று. நாடு பூட்டப்பட்ட முதல் நாளும் அதுவே. அழகர் இரண்டு வருடம் வைகைக்கு வரவில்லை. அத்தனையும் தாங்கிக்கொண்டோம். ஊரடங்கு மருந்து இல்லை அம்மா. படுக்கை, ஆக்சிஜன், பரிசோதனை என்று தயார் செய்துகொள்ள வாங்கும் அவகாசம் மட்டுமே. 2021 மே மாதம் படுக்கைக்காக அலைந்த குடும்பங்களைப் பார்த்தவன் நான். கிடைத்த அவகாசம் போதிய அளவு பயன்படவில்லை. அதனால், பூட்டிய நாடா பூட்டாத நாடா என்று பார்க்காமல், காய்ச்சல்காரரைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அவர் கவலையில்லாமல் வீட்டிலிருக்க வழி செய்த நாடு எது என்று பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைக் கொரோனா அதிகமாகப் படுத்தியது. எனவே தயாரிப்பு இன்றைக்கே தொடங்க வேண்டியது. வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கை சில்லென்று இருந்தால் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். காய்ச்சலோடு அதில் காட்டும் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை நீங்கள் எழுதவில்லை. எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.