பெசல் பள்ளியை விட்டவர்தானே என்று கேட்கும் பையனுக்கு

வணக்கம் அம்மா. பயோ-மேத்ஸ் எடுத்துப் பிளஸ் டூ படிக்கும் மகன் வானியல்தான் படிப்பேன் என்று நிற்கிறான், வீட்டுக்காரரோ முதலில் டாக்டராகட்டும், நட்சத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். போதாததற்கு, வானியலாளர் பெசலைக் காட்டி, "அவர் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர், எனக்கு மட்டும் மார்க் எதற்கு?" என்று பையன் மடக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சொன்னது பாதிக் கதை.

பிரீட்ரிக் பெசல் 1784இல் ஜெர்மனியின் மின்டன் ஊரில் பிறந்தார். 14 வயதில் படிப்பை விட்டது நிஜம். பிறகு பிரெமன் நகரில் ஒரு வணிக நிறுவனத்தில் ஏழு வருட ஒப்பந்தத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பகலில் பேரேடு. சரக்குக் கப்பலில் போகலாம் என்று இரவில் கடல்வழிக் கணக்கைத் தானாகவே படித்தார், அது வானியலில் கொண்டுபோய் விட்டது. 1607இல் குறித்துவைத்த ஹாலி வால்நட்சத்திர அளவுகளைக் கொண்டு அதன் பாதையைக் கணக்குப் போட்டு, 1804இல் அதே ஊரில் இருந்த வானியலாளர் ஓல்பர்ஸிடம் நீட்டினார். அசந்துபோன ஓல்பர்ஸ் அதை அச்சேற்ற வழி செய்தார். 1806இல் பெசல் குறைந்த சம்பளத்துக்கு லிலியன்தால் வானாய்வகத்தில் உதவியாளரானார். பள்ளியைத்தான் விட்டார், கணக்கை ஒரு நாளும் விடவில்லை. அப்படிப்பட்டவருக்கே கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக முனைவர் பட்டம் தேவைப்பட்டது. கணித மேதை காஸ் பரிந்துரைத்து கோட்டிங்கன் பல்கலைக்கழகம் கொடுத்தது. தம்பிக்கு காஸ் வரமாட்டார், மார்க் ஷீட்தான் வேண்டும்.

பெசலின் பெரிய சாதனையையும் கேளுங்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரம் லேசாக இடம் மாறித் தெரிய வேண்டும். 61 சிக்னி என்ற நட்சத்திரத்தை ஒரு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப அளந்து, 1838இல் அந்தக் கோணத்தைச் சொன்னார்: ஒரு டிகிரியை 3600 கூறாக்கி, அதில் ஒரு கூறின் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 14 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும். அந்தக் கோணத்திலிருந்து அவர் கணக்கிட்ட தூரம் சுமார் 10.3 ஒளியாண்டு, இன்றைய அளவு 11.4. இந்தப் பொறுமைதான் அந்தத் தொழில். இன்று அதோடு புரோகிராமிங்கும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்காரருக்கும் ஒரு தகவல். அந்த ஓல்பர்ஸ் தொழிலால் டாக்டர். பகலில் நோயாளிகள், இரவில் வீட்டு மாடியில் தொலைநோக்கி; 1802இல் பல்லாஸ், 1807இல் வெஸ்டா என்று இரண்டு சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். ஆனால் இதை வைத்து நீட் பக்கம் தள்ளாதீர்கள். ஹவுஸ் சர்ஜன் டியூட்டியில் தூங்கவே நேரம் இருக்காது, வானத்தை எங்கே பார்ப்பது?

வானியலில் நிலையான வேலைக்கு பிஎச்.டி வேண்டும். இன்னும் பத்து வருடமாவது படிப்பு என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பி.எஸ்ஸி இயற்பியல், ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள், திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி எல்லாமே நல்ல வாசல்கள். பி.இ. முடித்தும் இயற்பியல் பக்கம் திரும்பியவர்கள் உண்டு.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இதே மாதிரி நட்சத்திரக் கோணங்களை அளந்த கையா விண்கலத்தின் அளவுகள் இணையத்தில் இலவசம். அதிலிருந்து 61 சிக்னியின் தூரத்தைத் தானே கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு இன்னும் நூறு நட்சத்திரங்களுக்கு பைத்தானில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நாளே சலித்துக்கொண்டால் அவனுக்குப் பிடித்தது நட்சத்திரப் படங்கள் மட்டும்தான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராவிட்டால், நீட் விண்ணப்பத்தோடு ஐசர் நுழைவுத் தேர்வுக்கும் இந்த வருடமே போட்டுவிடுங்கள்.