ஃபிக்ஸ் லைப்ரரி எழுத எந்தப் பாகத்தில் தொடங்குவது?

"இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஃபிக்ஸ் நெறிமுறைக்கு ஒரு சிறிய லைப்ரரி எழுதுகிறேன். எந்தப் பாகத்தில் தொடங்குவது, பார்சரை எப்படி வேகமாக்குவது, ஜாவாவா சி ஷார்ப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: ஃபிக்ஸ் என்பது பங்கு ஓடர்களைக் கணினிக்குக் கணினி செய்தியாக அனுப்பும் நெறிமுறை, பார்சர் வந்த செய்தியைப் பிரித்து வாசிக்கும் பாகம்.) ஊர் கிளிநொச்சி என்று இருப்பதால் அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்துப் பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை. நான் பரந்தன் பக்கம். பங்குத் தரகர்களுக்கு மென்பொருள் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறேன். பார்சர் என்ற சொல்லைக் கண்டதும் சும்மா போக மனம் வரவில்லை. எல்லாரும் அதிலேதான் போய் விழுகிறார்கள்.

பார்சரில் பெரிதாக ஒன்றுமில்லை. செய்தி முழுவதும் புலங்கள்தான். ஒவ்வொன்றும் புலத்தின் எண், சமன் குறி, பெறுமதி, பிறகு கண்ணுக்குத் தெரியாத 1 என்ற பைட். 8 ஆம் புலத்தில் பதிப்பு, 9 இல் நீளம், 35 இல் செய்தி வகை, கடைசியாக 10 இல் சரிபார்ப்புத் தொகை. அதற்கு முன்னால் வந்த பைட்டுகள் எல்லாவற்றையும் கூட்டி 256 ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தத் தொகை. மூன்று இலக்கமாக எழுத வேண்டும். மீதி 7 என்றால் 007. கொஞ்சம் தலையிடி தருவது திரும்பத் திரும்ப வரும் குழுக்கள் மட்டும்தான். ஒரு குழு எங்கே முடிகிறது என்று செய்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அகராதிக் கோப்பு வேண்டும். குவிக்ஃபிக்ஸ் என்ற திறந்த மூல லைப்ரரி இந்த அகராதிகளை எக்ஸ்எம்எல்லில் தருகிறது, எடுத்துப் பாருங்கள்.

உயிர் இருப்பது 34 ஆம் புலத்தில். அதுதான் செய்தியின் வரிசை எண். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு எண்களை வைத்திருக்கும்: நான் அடுத்து அனுப்பப் போவது, எனக்கு அடுத்து வர வேண்டியது. சங்கக்கடை பில் புத்தகம் மாதிரி, நடுவில் ஒரு நம்பர் காணாமல் போனால் விடமாட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடின எண் வந்தால் 35=2 போட்டு, இடையில் விட்டதைத் திரும்பக் கேட்க வேண்டும். குறைந்த எண் வந்து, அது மறுபடி அனுப்பியது என்று 43 ஆம் புலமும் சொல்லவில்லையென்றால் தொடர்பையே அறுக்க வேண்டும். 1992 இல் ஃபிடெலிட்டி, சொலமன் பிரதர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நிதி நிறுவனங்களும் தொலைபேசியில் கதைத்துக் கொடுத்த ஓடர்களுக்குப் பதிலாக இதைத் தொடங்கினார்கள். வாய்ப்பேச்சில் விடுபட்டால் யாருக்கும் தெரியாது. எண் இருந்தால் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். (கிளிநொச்சியில் சேர்வர் வைத்துப் பங்குச்சந்தை நடத்துகிறானா என்று யாரும் தொடங்க வேண்டாம். இது சோதனை இணைப்பு. உண்மையான ஓடர்கள் ஓடும் சேர்வர் வேறு நாட்டில், ஜெனரேட்டரோடு இருக்கிறது.) பின்னேரம் கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி ஏற்கனவே செத்திருந்ததால் ரவுட்டரும் டெஸ்க்டொப்பும் ஒன்றாக அணைந்தன. கரண்ட் வந்ததும் திரும்ப இணைந்தால், எதிர்ப்பக்கம் ஏற்கவில்லை. அவர்களுக்கு நான் இன்னும் உள்ளே இருக்கிற மாதிரித்தான். ஒழுங்காக மூடாமல் செத்த டிசிபி இணைப்பு அப்படித்தான் நிற்கும். இருக்கிறேன் என்று இடைக்கிடை அனுப்பும் நாடித்துடிப்புச் செய்தி வராமல், இருக்கிறாயா என்று 35=1 போட்டுக் கேட்டும் பதில் இல்லாமல் போன பிறகுதான் என்னை வெளியே போட்டார்கள்.

அடுத்த முறை உள்ளே போனால் உடனே 35=5, அதாவது வெளியே போ என்ற செய்தி. "வரிசை எண் குறைவு, 118 எதிர்பார்த்தோம், 112 வந்தது." அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது, எங்கள் டிஸ்க்கில் மட்டும் பதியவில்லை. நாங்கள் பாவிக்கும் குவிக்ஃபிக்ஸ்/ஜேயில் (குவிக்ஃபிக்ஸின் ஜாவா வடிவம்) ஃபைல்ஸ்டோர்சிங்க் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை ஒய் (ஆம்) ஆக்கினால் எழுதும் ஒவ்வொரு முறையும் உடனே டிஸ்க்குக்குப் போகும், ஆனால் நன்றாக மெதுவாகும். இயல்பாக அது N, அதாவது இல்லை. எங்கள் குழு தந்த கொன்ஃபிக்கில் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

கொழும்பில் இருக்கிற எங்கள் சீனியர் அண்ணா உடனே சொன்னார், "தம்பி, 141=ஒய் போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒன்றிலிருந்து தொடங்கு, ஏன் மினக்கெடுறாய்?" கனக்கப் பேர் இதைத்தான் செய்வார்கள். நான் மறுத்தேன். கரண்ட் போகுமுன் 500 பங்குக்கு ஒரு ஓடர் நின்றது. நான் வெளியே இருந்த நேரத்தில் அது நிறைவேறியிருந்தால், அதைச் சொல்லும் 35=8 அறிக்கை அவர்களிடம் ஒரு எண்ணோடு காத்திருக்கும். ஒன்றிலிருந்து தொடங்கினால் அதைக் கேட்க எண்ணே இராது. அனுப்பும் எண்ணை மட்டும் கையால் 118 ஆக்கி உள்ளே போனேன். வந்த செய்தியின் எண் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட, லைப்ரரி தானாக 35=2 போட்டது, வரிசையாக 43=ஒய் என்று வந்தவற்றில் அந்த 500 உம் இருந்தது. முழுதாக நிறைவேறியிருந்தது. அண்ணா ஒரு தம்ஸ்அப் போட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். பிறகு கொன்ஃபிக்கை மாற்றியவர் அவர்தான்.

சந்தைக்கு நேரே நனோசெக்கனில் ஓடுகிறவர்கள் பைனரி நெறிமுறை பாவிக்கிறார்கள், டிஸ்க்கில் ஒவ்வொன்றாக எழுதினால் நாசம் என்று சொல்ல ஆள் வரும். சரி, அவர்களுக்கு அது சரி. இறுதியாண்டு மாணவருக்கு அது தேவையில்லை.

இந்த வேலையைச் செய்துகொண்டு இங்கே இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. வீட்டுக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மாதாமாதம் அதே கிளைக்குத்தான் டொலர் வந்து விழுகிறது. நியமனக் கடிதம் எங்கே, அதில் சீல் எங்கே என்று கேட்டார்கள். கம்பனி ஈமெயிலில் தந்த ஒப்பந்தத்தைக் காட்டினேன். "இது பிரிண்ட் எடுத்ததுதானே தம்பி" என்றார் அந்த ஐயா. என்னுடைய சம்பளத்தில் பாதியும் இல்லாத என் மச்சான் அரசாங்கக் கந்தோரில் இருப்பதால் அதே கிளையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அவனில் கோபமில்லை. ஆனால் பெடியளை ஊரில் இருந்து வேலை செய்யுங்கோ என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தக் கவுண்டரில் போய் நிற்க வேண்டும்.

மொழி உங்களுக்கு எது கைவந்ததோ அது. முதலில் எண்களையும் அனுப்பிய செய்திகளையும் வைக்கிற ஸ்டோரை எழுதுங்கள், பிறகு இணைப்பையும் வரிசை எண்களையும் நடத்தும் செஷன், பார்சர் கடைசியில். ஒரே கணினியில் இரண்டு பக்கத்தையும் ஓடவிட்டு, ஓடர் போய்க்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கில் மைனஸ் 9 (புரோகிராமை உடனே நிறுத்தும் லினக்ஸ் கட்டளை) போட்டுக் கொல்லுங்கள். அதோடு நிற்க வேண்டாம்: புரோகிராம் மட்டும் செத்தால், எழுதக் கொடுத்ததை ஓஎஸ் டிஸ்க்குக்குக் கொண்டுபோய்விடும். பிளக்கைப் பிடுங்கினால்தான் எது பதிந்தது, எது பதியவில்லை என்று தெரியும். லாப்டொப் என்றால் பற்றரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.