உயரம் குறைவு, உடம்பும் மெலிவு. 195 கிலோ வண்டியைக் கையாள முடியுமா? சாய்ந்துவிட்டால் எப்படித் தூக்குவது?

கேள்வி கேட்டவர் தன் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 50 கிலோ என்கிறார். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வாங்க ஆசையாம். வண்டி சாய்ந்தால் உன்னால் நிமிர்த்தவே முடியாது என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்களாம். நான் ஐந்தடி ஒன்று. அதே வண்டியைத்தான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன். முடியும். ஆனால் ஓட்டப் பழகும் முன்பே தூக்கப் பழகிவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்து அவமானப்பட்டவள்.

வீடு போடிநாயக்கனூரில். வேலை மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில்; காய் எடை போடுவதும் கூலிக் கணக்கு எழுதுவதும். திங்கள் காலை ஏறினால் சனி மாலைதான் இறங்குவேன். நடுவே போடிமெட்டு மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வாங்கி இருபது நாள்கூட ஆகாத ஒரு திங்கள்கிழமை. மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன். இடப்பக்க வளைவு ஒன்றில் பாதி திரும்பியிருந்தபோது மேலிருந்து ஒரு லாரி சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கினேன். இடது காலை ஊன்றினேன். ஊன்ற அங்கே தரை இல்லை. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் சரிந்து கிடக்கும் என்பது அதுவரை என் கண்ணில் படவே இல்லை. ஓடாமல் நின்றபடியே வண்டி சாய்ந்தது. நல்லவேளையாகக் கால் சிக்கவில்லை.

பின்னால் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் நின்றது. நான் குனிந்து இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, நான்கு பேர் இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே நிமிர்த்திவிட்டார்கள். இரண்டு நாளைக்கு இடுப்பு வலி. கதை எனக்கு முன்பே தோட்டம் போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தவர் மெக்கானிக் இல்லை. எங்கள் ஸ்டோரில் மூட்டை ஏற்றி இறக்கும் பெரியவர் ஒருவர். (கேரளத்தில் சுமை தூக்கும் தொழிலாளிகளுக்கென்று 1978இலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எடை தூக்குவது ஒரு தொழில்நுட்பம் என்று நான் ஒப்புக்கொண்டது இவரைப் பார்த்த பிறகுதான்.) "தாயி, மூட்டைக்கு முன்னால் யாராவது அப்படிக் குனிவார்களா? திரும்பி உட்கார். முதுகை அதற்குக் கொடு" என்றார். தரையில் பத்துப் பதினைந்து காலிச் சாக்குகளை விரித்தோம். இருவருமாக வண்டியை மெல்ல அதன்மேல் படுக்கவைத்தோம். புது வண்டியை வேண்டுமென்றே படுக்கவைக்கும்போது வயிற்றைக் கலக்கியது. செய்யுங்கள்.

முதலில் சாவியை அணைத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ கசிந்தாலோ பக்கத்தில் யாரும் பீடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் ஒருவர் கையில் எப்போதும் இருக்கும். வண்டி உருளாமல் இருக்க கியரில் கிடப்பது நல்லது. இடப்பக்கம் விழுந்தால் கியர் லீவர் அடியில் மாட்டிக்கொள்ளும், எட்டாது. அப்போது மேலே இருக்கும் வலது கைப்பிடியோடு முன் பிரேக் லீவரைச் சேர்த்துக் கட்டிவிடலாம். அதற்காகவே என் டூல் பையில் ஒரு பழைய டியூப் துண்டு கிடக்கிறது. வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே மறக்காமல் சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூச்சைப் பிடித்து நிமிர்த்திய வண்டி அதே வேகத்தில் மறுபக்கம் போய் விழும். இது எனக்கு நடக்கவில்லை. எங்கள் சூப்பர்வைசருக்கு நடந்தது, நான் பார்த்தேன்.

இனி தூக்குவது. விழுந்த பக்கமாகவே ஹேண்டில்பாரை முழுதும் திருப்புங்கள். கீழே கிடக்கும் கைப்பிடி டேங்கை ஒட்டி வந்துவிடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பிட்டத்தை அழுத்தி, குந்தி உட்காருங்கள். ஒரு கை அந்தக் கீழ்க் கைப்பிடியில். மற்றொரு கை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியிலோ அடிச்சட்டத்திலோ. இண்டிகேட்டரைப் பிடித்தால் கையோடு வந்துவிடும். சைலன்சரைப் பிடித்தால் தோல் அதோடு போய்விடும். கைகளை மடக்காமல் கயிறுபோல் நீட்டி வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல், காலால் தரையை உதைத்துப் பிட்டத்தால் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். தரையில் கிடக்கும் ஏணியை ஒரு முனையில் பிடித்து நிமிர்த்துவது போலத்தான் இதுவும். டயர்கள் தரையிலேயே இருப்பதால் 195 கிலோ முழுவதும் உங்கள் மேல் வருவதில்லை. முதல் ஒரு முழம்தான் உயிரை எடுக்கும். மேலே வர வர எடை கரைந்துவிடும். கிராஷ் கார்டு, அதாவது இன்ஜினுக்கு முன்னால் இரு பக்கமும் நீண்டிருக்கும் இரும்புக் கம்பி, போட்ட வண்டி தரையோடு தரையாகப் படுக்காது என்பதால் அந்த முதல் முழத்திலும் கொஞ்சம் மிச்சம். நான் கிராஷ் கார்டை அழகுக்கு மாட்டுவது என்று நினைத்திருந்தேன்.

நின்றதும் கையை விட்டுவிடாதீர்கள். இடுப்பை வண்டியில் சாய்த்தபடியே ஸ்டாண்டைக் காலால் துழாவிப் போடுங்கள். உடனே ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள பல வண்டிகளில் சாய்ந்ததும் இன்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். கிளட்ச், பிரேக் லீவர்கள் வளைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்குள் உங்கள் படபடப்பும் அடங்கிவிடும்.

சரிவில் விழுந்தால் கதை வேறு. அன்று எனக்கு நடந்தது அதுதான். டயர்கள் மேட்டிலும் ஹேண்டில்பார் பள்ளத்திலுமாகக் கிடந்தால் எந்தப் பயில்வானாலும் தனியாகத் தூக்க முடியாது. படுத்த நிலையிலேயே வண்டியைச் சுழற்றி இழுத்து டயர்களைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவர வேண்டும். பிறகுதான் தூக்க வேண்டும். அப்போதும் அது மறுபக்கம் பள்ளத்தில் கவிழாமல் தாங்க அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை தோட்டத்துச் சேற்றில் முக்கால் மணி நேரம் வண்டியைக் கிடத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு ஜீப்புக்காகக் காத்திருந்தேன். "சேச்சி, என்ன, வண்டி உறங்குகிறதா?" என்று கேட்டுக்கொண்டு போனான் ஒரு பையன். கேட்கட்டும். முதுகு என்னுடையது.

தூக்கத் தெரிந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வண்டி விழுவதே குறைந்துவிட்டது. பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கனமான வண்டி பெரும்பாலும் விழுவது வேகத்தில் இல்லை. நிறுத்தும்போதும், திருப்பும்போதும், உருட்டும்போதும்தான். நடை வேகத்தில், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே மடியும். அந்த வேகத்துக்குப் பின் பிரேக்கும் பாதி கிளட்சும் போதும். கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்துக்கே போகும். நிற்கப் போகும் இடத்தில் கால் வைக்கத் தரை எந்தப் பக்கம் உயரம் என்று இரண்டு நொடி முன்பே பார்த்துவிடுங்கள்.

உருட்டும்போது இடப்பக்கம் நின்று, வண்டியை உங்கள் இடுப்புப் பக்கமாக மயிரிழை சாய்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சாய விட்டால் பிடிக்க ஆளில்லை. நிற்கும் வண்டியை இரண்டு கையாலும் மெதுவாக ஆட்டிப் பார்த்தால், எடையே இல்லாததுபோல் ஓரிடம் கிடைக்கும். அந்த இடம் கைக்குப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. நிறுத்தும்போது மூக்கைச் சரிவுக்குக் கீழே வைத்துச் சுவரோரம் நிறுத்தாதீர்கள்; பின்னால் இழுக்கும்போதுதான் 195 கிலோ என்றால் என்னவென்று தெரியும்.

வாங்குவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிளாசிக் 350இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் மீட்டியோர் 350இல் 765. எடையில் நான்கு கிலோதான் வித்தியாசம், ஆனால் அந்த நான்கு சென்டிமீட்டர் உங்கள் உயரத்துக்குப் பெரிய விஷயம். எனக்குக் கிளாசிக்கில் இரு குதிகாலும் சேர்ந்து தரையைத் தொடாது. ஒரு காலை முழுதாக ஊன்றிப் பழகிக்கொண்டேன். எதை வாங்கினாலும் ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வரிசையில் நிற்கும் வண்டியை நீங்களே ஸ்டாண்டிலிருந்து எடுத்து, பின்னால் உருட்டி, திருப்பி, மறுபடி நிறுத்திப் பாருங்கள். விற்பனையாளர் "நான் எடுத்துத் தருகிறேன் மேடம்" என்று ஓடி வருவார். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.