நூலுக்கு விலை போட்டீர்கள், அம்மாவின் கைக்கு?

கேள்வி: அம்மா குரோஷே எனப்படும் கொக்கி ஊசியில் பொம்மைகளும் தோள்பைகளும் பின்னுகிறார். நான் படம் எடுத்து எங்கள் ஆன்லைன் கடையில் போடுகிறேன். பேக்கிங் தம்பியின் பொறுப்பு. நூல், பஞ்சு, பிளாஸ்டிக் கண், பெட்டி எல்லாவற்றையும் கூட்டி, வந்த தொகையை இரண்டால் பெருக்கி விலை வைக்கிறோம். ஆர்டர் வருகிறது. ஆனால் எட்டு மாதமாகியும் கையில் எதுவும் நிற்கவில்லை. விலையைக் கூட்டினால், "இதே பொம்மை பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறோம்?

பதில்: உங்கள் கணக்கை இரண்டு முறை படித்தேன். அதில் நூல் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, பெட்டிகூட இருக்கிறது. அம்மா இல்லை.

வீட்டு ஆளுக்கு எதற்குக் கூலி என்று விட்டிருப்பீர்கள். நானும் என் அண்ணியும் பின்னல் கடை தொடங்கியபோது அப்படித்தான் விட்டோம். ஒரு சமயம் அண்ணிக்கு வலது மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் ஊசியைத் தொட முடியவில்லை. கையில் இருந்த ஆர்டர்களை முடிக்க வெளியில் ஒருவரை நாடினோம். ஒரு பொம்மைக்கு அவர் கேட்ட கூலி, நாங்கள் அந்தப் பொம்மைக்கு வைத்திருந்த மொத்த விலையைவிட அதிகம். அவர் ஒன்றும் கூடுதலாகக் கேட்கவில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் நியாயமான கூலிதான். அன்று இரவு அண்ணியின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகுதான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு சாண் உயர யானை பொம்மை. ஐந்து மணி நேர வேலை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம். உடல், தலை, கால், காது, தும்பிக்கை பின்ன 5 மணி 10 நிமிடம். பஞ்சு அடைத்து, இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று குண்டூசி குத்திப் பார்த்து, பிரித்து, மறுபடி வைத்துத் தைக்க 1 மணி 15 நிமிடம். ஒவ்வொரு உறுப்பிலும் தொங்கும் நூல் நுனியை உள்ளே இழுத்து மறைக்க 25 நிமிடம். படம், வாடிக்கையாளருக்குப் பதில், பேக்கிங் எல்லாமாக 40 நிமிடம். ஆக ஏழரை மணி நேரம். நீங்களும் ஒரே மாதிரியான மூன்று பொம்மைகளுக்கு இப்படி நேரம் குறித்து, சராசரி எடுங்கள். இதே வேலைக்கு வெளி ஆளுக்கு மணிக்கு என்ன கொடுப்பீர்களோ அதால் பெருக்குங்கள். படம் எடுக்கும் நேரமும் தம்பி பெட்டி கட்டும் நேரமும் அதில் சேரட்டும். பொருள் செலவு அதற்கு மேல்.

கமிஷனில்தான் பலரும் வழுக்குகிறார்கள். விற்பனைத் தளமும் பணம் வாங்கித் தருபவரும் சேர்ந்து 20 சதவீதம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு 80 வர வேண்டும். 80-உடன் அதன் 20 சதவீதத்தைக் கூட்டி 96 என்று விலை வைத்தால், அவர்கள் 96-இல் 20 சதவீதம் எடுப்பார்கள். உங்களுக்கு வருவது 76.80. கூட்டக் கூடாது, 80-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 100 என்ற சரியான விலை வரும்.

கூரியர் கட்டணத்தையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். பல நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்தக் கிலோவுக்கும் உண்மையான எடைக்கும் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகின்றன. 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் கால் கிலோ பையை வைத்தாலும் அது 3 கிலோதான். அதே பையைத் தட்டையாக மடித்து 6 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் வைத்தால் 900 கிராம் கணக்கில் போகும். பொம்மையை மட்டும் அப்படி அமுக்காதீர்கள், பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

இனி அந்தப் பாதி விலைப் பொம்மை. குரோஷே பின்னலை முழுமையாகப் பின்னித் தரும் இயந்திரம் வணிகப் புழக்கத்தில் இல்லை. கடையில் குவிந்திருக்கும் இயந்திரப் பின்னல் வேறு வகை. அப்படியானால் உங்கள் பொம்மையைப் போன்ற அந்தக் குரோஷே பொம்மையையும் யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்துதான் பின்னியிருக்கிறார். அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை விலையே சொல்கிறது. அந்த விலைக்கு உங்கள் அம்மாவை இறக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக, அந்த ஏழரை மணி நேரம் படத்தில் தெரியட்டும். நீங்கள் அனுப்பிய படங்களில் பொம்மை முன்னால் பார்த்தபடி நிற்கிறது, சுற்றிலும் பூவும் மணியும். பூவை எடுத்துவிடுங்கள். காது தலையோடு சேரும் இடத்தை, பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும், அதாவது வளையத்தையும், எண்ணும் அளவுக்குக் கிட்டத்தில் ஒரு படம். பையின் உட்புறத்தைத் திருப்பிப் போட்டு ஒரு படம். நுனி எதுவும் தொங்காத உட்புறம்தான் கை தேர்ந்தவரின் அடையாளம், அதை யாரும் காட்டுவதில்லை. அளவு தெரிய அம்மாவின் உள்ளங்கையில் வைத்து ஒரு படம். குறிப்பில் 'அழகான', 'அன்பான' எல்லாம் வேண்டாம். உட்கார்ந்த நிலையில் எத்தனை சென்டிமீட்டர், பருத்தி நூலா அக்ரிலிக்கா, எப்படித் துவைப்பது, எத்தனை நாளில் பின்னி அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம். கழன்று விழுந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அம்மா நூலாலேயே கண் தைக்கட்டும். கூடுதல் நேரத்தை விலையிலும், காரணத்தைக் குறிப்பிலும் சேருங்கள்.

கேள்வி: சிவப்புப் பை படத்தில் வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிகிறது, பின்னலே தெரியவில்லை. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அடர் சிவப்பு என்றாலே போன் கேமரா திணறும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் வையுங்கள், நேர் வெயில் படக் கூடாது. பகல் வெளிச்சமும் பல்ப் வெளிச்சமும் கலந்தால் நிறம் மாறும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். திரையில் பையைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கண்ணிகள் மேலெழுந்து வரும். அதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள்.

கேள்வி: ஒரு கடைக்காரர் என் மனைவி பின்னும் பையில் 40 கேட்கிறார், ஆனால் நாங்கள் விற்கும் விலையில் பாதிதான் தருவாராம். ஏற்கலாமா?

பதில்: கடை வாடகையும் விற்காமல் நிற்கும் சரக்கின் பாரமும் அவர் தலையில். பாதி விலை கேட்பது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்தப் பாதியில் பொருள் செலவும் மனைவியின் கூலியும் அடங்குமா என்று முதலில் பாருங்கள். அடங்காவிட்டால் ஒவ்வொரு பைக்கும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அடங்கினாலும், ஒரு பைக்கு ஏழு மணி நேரம் என்றால் 40 பைக்கு 280 மணி நேரம். நாளைக்கு ஐந்து மணி நேரம் பின்னினால் 56 நாள். அத்தனை நாளும் உங்கள் சொந்தக் கடைக்குப் புதுப் பை வராது. இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கடைக்காரருக்கு எழுதுங்கள்.