மீன் முள் குத்திய காயத்தில் கறுவா எண்ணெய் பூசலாமா? போத்தலில் 'இயற்கைக் கிருமிநாசினி' என்று இருக்கிறதே?

கிருமியைக் கொல்லும், உண்மைதான். ஆனாலும் காயத்தில் பூசாதீர்கள். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அது எந்தக் கறுவா எண்ணெய்? காலி, மாத்தறைப் பக்கம் விளையும் அதே மரத்தின் பட்டையில் வடித்தால் பாதிக்கு மேல் சினமல்டிகைட்டு, கறுவாவுக்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் பொருள். இலையில் வடித்தால் 70 முதல் 85 வீதம் வரை யூஜினோல், அதாவது கராம்பு எண்ணெயில் இருக்கும் அதே பொருள். வேர்ப்பட்டையிலோ கற்பூரம்தான் முக்கியம். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இலை எண்ணெய். மூடியைத் திறந்ததுமே பல் வைத்தியரின் அறை வாசம் அடிக்கும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுக் கிளாஸை லேசாகத் தட்டிப் பாருங்கள், உருண்டு அடியில் போய் உட்காரும். எவ்வளவு தட்டியும் மிதந்தால் தேங்காய் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கிறது.

யூஜினோல் பற்றீரியாவின் கலமென்சவ்வுக் கொழுப்புக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் பொற்றாசியம் அயன்கள் கசிந்து கலம் செத்துப்போகும். சினமல்டிகைட்டு புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். சரி, நம் தோலும் கொழுப்பும் புரதமும்தானே? கிருமிக்குச் செய்வதைத்தான் தோலுக்கும் செய்யும். அப்படியே பூசினால் எரிந்து சிவக்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கறுவா போட்ட பற்பசைகூட ஒத்துவராது.

ஆய்வுகூடத்தில் பற்றீரியா வளர்க்கும் அகர் (கூழ் மாதிரியான ஊடகம்) தட்டில் எண்ணெயை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் விழும். அழகாகத்தான் இருக்கும், நானும் ரசித்துப் பார்ப்பேன். ஆனால் காயத்தில் இரத்தமும் சீழும் எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும், கிருமிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் தட்டிலேயே லேசில் மசியாது, அவற்றுக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு இருக்கிறது. அப்புறம், முள் குத்தியது ஆழமான சின்னத் துளை. எண்ணெய் மேலோடு நின்றுவிடும்.

சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். முள் நுனி உள்ளே முறிந்திருந்தாலோ வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

அந்தப் போத்தலைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கராம்பு எண்ணெய் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் பழுதானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இலை எண்ணெயிலும் இருப்பது அதே யூஜினோல்தான்.